ஆள் கணக்கு எங்கே? புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களே,

வணக்கம். நான் முத்தியால்பேட்டையில் வசிப்பவள். புதுச்சேரி அரசின் கணக்கு மற்றும் கருவூலத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். என் மேசையைத் தாண்டிப் போன பில்களுக்குக் கணக்கே இல்லை. சம்பள பில், பயணப்படி பில், சாலை போட்ட பில், மருந்து வாங்கிய பில், எல்லாம் பார்த்திருக்கிறேன். இந்த மடல் அவற்றில் ஒரே ஒரு வகை பில்லைப் பற்றியது. ஆள் வழங்கும் தனியார் ஏஜென்சி மூலம் அமர்த்தப்பட்ட ஆட்களுக்காகத் துறைகள் அனுப்பும் பில்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுத் துறைகளிலும் வாரியங்களிலும் கார்ப்பரேஷன்களிலும் அரசு உதவி பெறும் சொசைட்டிகளிலும் ஏஜென்சி வழியாக எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்கள் பெயரில் அரசு எவ்வளவு கொடுக்கிறது, அதில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது, இந்த மூன்றையும் துறைவாரியாக ஒரே அறிக்கையில் பட்ஜெட்டோடு சேர்த்துச் சபையில் வையுங்கள். இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எனக்கு இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எதற்கு இந்தக் கவலை என்று வீட்டிலேயே கேட்டார்கள். காரணம் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெண். பி.காம். படித்தவள். ஓர் அரசு அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாகக் கணினியில் பதிவு செய்யும் வேலை. அலுவலகத்தின் பெயரும் ஏஜென்சியின் பெயரும் இங்கே வேண்டாம். போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா, நீங்க ட்ரெஷரியில இருந்தவங்கதானே, எங்க பில்லு எந்த இடத்துல நிக்குதுன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. ஏஜென்சியைக் கேட்டால், டிபார்ட்மெண்டில் பணம் வரவில்லை என்கிறார்கள். டிபார்ட்மெண்டைக் கேட்டால், நீ எங்கள் ஊழியரே இல்லை, ஏஜென்சியைக் கேள் என்கிறார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய் உட்காரும் நாற்காலி அரசுடையது. கையொப்பம் இடும் வருகைப் பதிவேடு அரசுடையது. விடுப்பு கேட்பது அரசு அதிகாரியிடம். சம்பளம் என்று வாயைத் திறந்தால் மட்டும் அவள் வேறு யாருடைய ஆளோ ஆகிவிடுகிறாள்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, இருக்கிற காகிதத்தை எல்லாம் எடுத்து வரச் சொன்னேன். ஆறு ஆண்டில் மூன்று ஏஜென்சிகள் மாறியிருந்தன. அவள் மாறவில்லை. அதே நாற்காலி, அதே வேலை. ஆனால் காகிதத்தில் மூன்று முறை புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். பிஎஃப் எனும் வருங்கால வைப்பு நிதிக்கு ஒருவருக்கு ஒரே யுஏஎன் எண்தான், அதாவது வேலை மாறினாலும் மாறாத ஒரே எண்தான், இருக்க வேண்டும். அவளுக்கு இரண்டு இருந்தன. முதல் ஏஜென்சி காலத்துப் பணம் ஓர் எண்ணில், மற்றது இன்னோர் எண்ணில். நடுவே ஏழு மாதத்துக்குப் பணமே கட்டப்படவில்லை. முதல் முறை சேரும்போது இருபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்ததாக, அவள் அம்மா கதவோரம் நின்றபடி தணிந்த குரலில் சொன்னார். ரசீது கிடையாது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இந்த மாதிரி பில்களை நானே பாஸ் செய்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் சம்பள பில் பிரிவில்தான் இருந்தேன். சம்பள பில் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருக்கும். பெயர், பதவி, அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, பிடித்தம், கையில் எவ்வளவு என்று ஒரு மனிதரின் மாத வாழ்க்கையே அந்த ஒரு வரியில் தெரியும். பெண் கல்யாணத்துக்கு வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்திருக்கிறார், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது என்றெல்லாம் முகம் தெரியாதவர்களைப் பற்றிக்கூட எனக்குத் தெரியும். ஏஜென்சி பில் அப்படி இல்லை. அது கன்டின்ஜென்ட் பில்லாக, அதாவது அலுவலகத்தின் இதர செலவுகளுக்கான பில்லாக வரும். மேலே செலவுக்கு அனுமதி தரும் ஒரு சாங்ஷன் ஆர்டர், கீழே ஒரு இன்வாய்ஸ். "ஆட்கள் வழங்கியது, எண்ணிக்கை 24, விலை இவ்வளவு." நாற்காலி வாங்கிய பில்லிலும் இதே கட்டங்கள்தான். ஆர்டர் சரியா, தொகை சரியா, நிதி இருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்றும் சரியாக இருந்தால் கையெழுத்து. அந்த 24 பேருக்கு போன மாதச் சம்பளம் போனதா என்று பார்க்க அந்த பில்லில் இடமே கிடையாது. சில துறைகள் வங்கிப் பட்டியலையும் பிஎஃப் செலானையும் இணைத்து அனுப்பும். பல பில்களில் அது இருக்காது. நான் திருப்பி அனுப்பியவையும் உண்டு, மார்ச் மாத நெரிசலில் பாஸ் செய்தவையும் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

சரி, பணம் எங்கே போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் பிஎஃப்புக்கு வேலை கொடுப்பவர் பங்கு, நிர்வாகச் செலவும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,560. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ 3.25 சதவீதம், 390. ஆக 13,950. ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் 5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 697.50. இது டெண்டருக்கு டெண்டர் மாறும். இதுவரை மொத்தம் 14,647.50. இதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 2,636.55. ஆக அந்த ஒரு ஆளுக்காகக் கருவூலத்திலிருந்து வெளியே போவது 17,284 ரூபாய். அவள் சம்பளத்தில் பிஎஃப்புக்கு 12 சதவீதம், இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். கையில் கிடைப்பது 10,470.

உறுப்பினர்களே, அரசின் கணக்கில் 17,284, அவள் கையில் 10,470. நடுவில் இருக்கும் தொகை முழுவதும் வீண் என்று நான் சொல்லவில்லை. பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் அவளுக்கானவை, ஒழுங்காகக் கட்டப்பட்டால். ஆனால் சர்வீஸ் சார்ஜும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 3,334 ரூபாய் இருக்கிறதே, அதில் ஒரு காசுகூட அவளுக்கு இல்லை. இதே பெண்ணை அரசே நேரடியாக ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டி கிடையாது. ஊழியர் தன் முதலாளிக்குச் செய்யும் வேலைக்கு அந்த வரி பொருந்தாது. அதே 17,284 ரூபாயைச் செலவு செய்து அவளுக்கு 14,868 ரூபாய் சம்பளம் கொடுக்க முடியும், பிஎஃப்பும் இஎஸ்ஐயும் கட்டிய பிறகு. அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு இல்லாமல் மாதம் 2,868 ரூபாய் அதிகம். லாஸ்பேட்டையிலோ வில்லியனூரிலோ இரண்டு அறை வீட்டுக்கு வாடகை கொடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், 2,868 ரூபாய் என்றால் என்னவென்று.

இந்த வரியில் பாதி மாநில ஜிஎஸ்டியாக நம் கருவூலத்துக்கே திரும்பும் என்று நிதித்துறை சொல்லும். உண்மைதான். மற்ற பாதி மத்திய அரசுக்குப் போகும். பஞ்சாயத்து, நகராட்சி சார்ந்த சில பணிகளுக்கு ஆள் மட்டும் வழங்கும் சேவைக்கு வரிவிலக்கும் இருக்கிறது. அப்படியானால் எந்தத் துறை விலக்குப் பெற்றது, எந்தத் துறை தேவையில்லாமல் வரி கட்டிக்கொண்டிருக்கிறது என்பதையாவது யாரேனும் பார்க்க வேண்டாமா? நான் வேலையில் இருந்தவரை அப்படி ஒரு பட்டியலைக் கண்ணால் பார்த்ததில்லை.

சர்வீஸ் சார்ஜ் பற்றி இன்னொன்று. டெண்டரில் மிகக் குறைவாகக் கேட்பவருக்கு வேலை. பிஎஃப், இஎஸ்ஐ, சம்பளம் மூன்றும் சட்டப்படி இருப்பதால், போட்டி எல்லாம் சர்வீஸ் சார்ஜில்தான். ஒரு கட்டத்தில் பூஜ்யம் என்று எழுத ஆரம்பித்தார்கள். அப்படி எழுதினால் அந்த டெண்டரை ஏற்கக் கூடாது என்று மத்திய நிதியமைச்சகம் 2014-ல் சுற்றறிக்கை அனுப்பியது. அப்புறம் பூஜ்யத்துக்குப் பதில் 0.01 சதவீதம் வந்தது. 24 பேரை நிர்வாகம் செய்ய மாதம் நாற்பது ரூபாய்கூடத் தேவையில்லை என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவர் எதிலிருந்து பிழைக்கிறார்? சேரும்போது வாங்கும் இருபத்தைந்தாயிரத்தில், கட்டாமல் விட்ட ஏழு மாத பிஎஃப்பில், சீருடைக்கு என்று பிடிக்கும் பணத்தில். வேறு எங்கிருந்து வரும்? எங்கள் தெருப் பெண்ணின் பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் அந்த 0.01-க்கு அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஏஜென்சிக்காரர்கள் எல்லாரும் இப்படி என்று எழுதினால் நான் பொய் சொன்னவள் ஆவேன். என் இருக்கைக்கு எதிரே பெஞ்சில் மணிக்கணக்காகக் காத்திருந்த ஒரு சிறிய ஏஜென்சிக்காரர் இன்னும் நினைவில் இருக்கிறார். ஒரு துறை ஐந்து மாதம் அவருக்குப் பணம் தரவில்லை. அவர் வட்டிக்கு வாங்கி ஆட்களுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தார். வட்டி ஏறிக்கொண்டே போனது. மறு டெண்டரில் அவர் கலந்துகொள்ளவே இல்லை. பில்லைத் தாமதிக்கும் அரசு, நல்லவர்களை வெளியே துரத்திவிட்டுக் கெட்டிக்காரர்களை மட்டும் வைத்துக்கொள்கிறது.

இப்போது கணக்குத் தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் வறட்சியாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது. பட்ஜெட் புத்தகத்தில் நிரந்தர ஊழியர் செலவு "சம்பளம்" என்ற தலைப்பில் வரும். தினக்கூலிகளுக்கு "கூலி" என்று ஒரு தலைப்பு. ஏஜென்சி ஆட்களுக்கான பணம் இந்த இரண்டிலும் வராது. ஒரு துறையில் "தொழில்முறைச் சேவைகள்" என்பதில் இருக்கும். இன்னொன்றில் "அலுவலகச் செலவு", வேறொன்றில் "இதர செலவினம்". சொசைட்டிகளாக இருந்தால் மானியத்துக்குள் கரைந்து போயிருக்கும். அலுவலகச் செலவு என்ற தலைப்பில்தான் பேனாவும் காகிதமும் தொலைபேசிக் கட்டணமும் இருக்கின்றன. அதற்கு நடுவில் மனிதர்கள். 2025-26-ல் 13,600 கோடி ரூபாய் பட்ஜெட் போட்ட நம் அரசில், சம்பளத்துக்கு எவ்வளவு, ஓய்வூதியத்துக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்று எவரும் ஒரு நிமிடத்தில் சொல்லலாம். ஏஜென்சி ஆட்களுக்கு எவ்வளவு என்று அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிதிச் செயலரால்கூடச் சொல்ல முடியாது. திறமைக் குறைவால் அல்ல. அந்தத் தொகைக்கு என்று ஒரு வரி இல்லாததால்.

வரி இல்லாத செலவை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சம்பளச் செலவு கூடுகிறது என்றால் புதிய பணியிடங்களுக்குத் தடை போடுவார்கள். பணியிடம் காலியாகவே கிடக்கும். வேலை காலியாக இருக்காதே? யாராவது செய்தாக வேண்டும். துறைத் தலைவர் டெண்டர் விடுவார். சம்பளத் தலைப்பு இளைத்ததாகத் தெரியும், அலுவலகச் செலவுத் தலைப்பு சத்தமில்லாமல் பருக்கும். மொத்தத்தில் சிக்கனம் நடந்ததா இல்லையா என்று எவருக்கும் தெரியாது. நாம் பின்பற்றும் பொது நிதி விதிகள், 2017-ல் வந்தவை, வேலைகளை வெளியே கொடுக்கச் சிக்கனத்தையும் செயல்திறனையும்தான் காரணமாகச் சொல்கின்றன. சிக்கனம் என்று சொல்லிச் செய்த காரியத்தில் சிக்கனம் இருந்ததா என்று ஒரு முறையாவது அளந்து பார்க்க வேண்டும் இல்லையா?

நிரந்தர ஊழியர் என்றால் இன்னும் அதிகமாகுமே என்ற வாதம் எனக்குத் தெரியும். ஆகத்தான் செய்யும். ஏழாவது ஊதியக் குழுவின்படி கடைசி நிலை ஊழியருக்கே அடிப்படைச் சம்பளம் 18,000. அகவிலைப்படி அதில் பாதியைத் தாண்டிவிட்டது. வீட்டு வாடகைப்படி தனி, புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு அரசு செலுத்தும் 14 சதவீதம் தனி. அதோடு ஒப்பிட்டால் 17,284 குறைவுதான். ஆனால் அந்த மிச்சம் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். கோப்பு நகரும் வேகம் கூடியதால் வந்ததல்ல, ஆள் குறைந்ததால் வந்ததும் அல்ல. அதே வேலையை, அதே மேசையில், ஒரு பெண்ணிடம் பாதி விலைக்கு வாங்கியதால் வந்தது. தற்காலிக ஊழியரானாலும் நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்தால் அந்தப் பதவியின் குறைந்தபட்ச ஊதியம் அவருக்கும் உண்டு என்று ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. நடுவில் ஓர் ஏஜென்சியை நிறுத்தினால் அந்தத் தீர்ப்பு நம் வாசலுக்கு வராது என்ற நினைப்பில்தான் எல்லாம் ஓடுகிறது.

அந்த நினைப்பையும் நீதிமன்றம் விட்டு வைக்கவில்லை. மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் தூய்மைப் பணி செய்தவர்களை 2018-ல் திடீரென்று நிறுத்திவிட்டு, அந்த வேலையை ஏஜென்சிக்குக் கொடுத்தார்கள். ஜக்கோ என்ற பெண்மணியின் பெயரில் அறியப்படும் அந்த வழக்கில், 2024 டிசம்பர் 20 அன்று, அவர்களை மீண்டும் எடுத்து நிரந்தரம் செய்யும்படி தீர்ப்பு வந்தது. ஊழியருக்குச் சேர வேண்டியதைத் தட்டிக் கழிக்க ஏஜென்சி முறை ஒரு கேடயமாகப் பயன்படுகிறது என்ற கவலையும் அதில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில், உத்தரப் பிரதேச தினக்கூலிகள் தொடர்பான தரம் சிங் வழக்கில், நிதி நெருக்கடி என்ற ஒரு சொல்லைச் சொல்லி அரசு எல்லாவற்றிலிருந்தும் தப்பிவிட முடியாது என்றார்கள். அந்த வரியைப் படித்தபோது நம் கோப்புகளில் நான் பார்த்த "நிதி நிலைமை கருதி" என்ற குறிப்புகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

ஆனால் இதை எழுதும்போது மனசாட்சிக்கு ஒன்று இடிக்கிறது. ஏஜென்சியில் இருக்கும் எல்லாரையும் நாளைக்கே நிரந்தரம் செய்யுங்கள் என்று என்னால் கேட்க முடியவில்லை. நம் ஊரின் வரலாறு அப்படி. தேர்தலுக்கு முன்னால் ஆள் சேர்ப்பது, தேர்தலுக்குப் பின்னால் நிறுத்துவது, பிறகு அவர்கள் சுதேசி மில் எதிரே வெயிலில் உட்காருவது, இதை எத்தனை முறை பார்த்துவிட்டோம். வவுச்சர் சீட்டில் சம்பளம் வாங்கிய தற்காலிக ஊழியர்களின் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். இன்னொரு பக்கம், நூலகத்தில் காலையிலிருந்து உட்கார்ந்து எழுத்தர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாருடைய சிபாரிசும் இல்லாதவர்கள். இடஒதுக்கீட்டு வரிசையில் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள். ஏஜென்சி ஆளெடுப்பில் தேர்வும் இல்லை, இடஒதுக்கீட்டுக்கான ரோஸ்டரும் இல்லை. பின்வாசல் வழியாக வந்தவர்களை அப்படியே நிரந்தரமாக்க முடியாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது இந்தப் பிள்ளைகளுக்காகவும்தான். அதே தீர்ப்பு, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்தாண்டுக்கு மேல் உழைத்தவர்களுக்கு ஒரு முறை வழி செய்யவும் சொன்னது. அந்தப் பகுதியை அரசுகள் வசதியாக மறந்துவிட்டன.

ஆகவே ஆறு வருடம் உழைத்த பெண்ணுக்கும் தேர்வுக்குப் படிக்கும் பையனுக்கும் சண்டை மூட்டிவிடாத வழி வேண்டும். அதற்கு முதலில், எந்த வேலை உண்மையில் தற்காலிகம், எது வருடம் முழுவதும் இருக்கும் வேலை என்று பிரிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கவும் விழுந்த மரத்தை அறுக்கவும் கூடுதல் ஆட்களைக் கூப்பிட்டார்களானால் அது தற்காலிகம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் பணி, பழைய கோப்புகளை ஸ்கேன் செய்வது, இவற்றுக்கு ஏஜென்சி ஆள் எடுத்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மருத்துவமனை வார்டைத் துடைப்பது தற்காலிகமா? பள்ளிக்கூடக் கழிப்பறை? பத்து வருடமாக ஒரே கவுண்டரில் சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பது?

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. புதிய சட்டத்தில் மையமான பணிகளுக்கு மட்டுமே தடை. துப்புரவு, காவல், உணவகம் போன்றவை பெரும்பாலும் அந்த வரையறைக்கு வெளியே. இதில் எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் பழையதிலும் புதியதிலும் ஒரு விஷயம் மாறவில்லை. ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்கத் தவறினால், வேலை வாங்குகிற முதன்மை முதலாளிதான் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம். பிஎஃப்புக்கும் இதே பொறுப்பு உண்டு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆகவே "நீ எங்கள் ஊழியர் இல்லை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன அதிகாரி, தன் சட்டப் பொறுப்பு என்ன என்பதைத் தெரியாமலே சொல்லியிருக்கிறார்.

அடிக்கடி ஏஜென்சி மாறுவதால் அவள் இழப்பது கண்ணுக்கே தெரியாது. பணிக்கொடைக்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஐந்து ஆண்டு இருக்க வேண்டும் என்பது 1972 முதல் இருந்த கணக்கு. 12,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஐந்து ஆண்டுக்கு 34,615 ரூபாய். மூன்று ஏஜென்சி மாறியதில் அது அவளுக்கு இல்லாமல் போனது. பிஎஃப் ஓய்வூதியம் கிடைக்கப் பத்தாண்டுப் பணி வேண்டும். இரண்டு யுஏஎன் எண்களாகச் சிதறிக் கிடந்தால் அந்தப் பத்தாண்டை நிரூபிப்பதற்குள் அவளுக்கு வயதாகிவிடும். (அந்த இரண்டு எண்களையும் இணைக்க நானே அவளோடு உட்கார்ந்து முயற்சி செய்தேன். முதல் ஏஜென்சி தகப்பன் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாகப் பதிந்திருக்கிறது. அதைத் திருத்த அந்த ஏஜென்சியின் ஒப்புதல் வேண்டுமாம். அந்த முகவரியில் இப்போது ஒரு செல்போன் கடை இருக்கிறது.)

வேறு இடங்களில் ஏதாவது செய்திருக்கிறார்களா என்று தேடினேன். ஆந்திரத்தில் 2020-ல் தனியார் ஏஜென்சிகளை விலக்கிவிட்டு, அரசே ஒரு கார்ப்பரேஷன் தொடங்கி அதன் வழியாகச் சம்பளம் போட்டார்கள். ஹரியானாவும் 2021-ல் அதே போல் ஒன்றை அமைத்தது. ஒடிசா 2022 அக்டோபரில் அரசு வேலைக்கு ஒப்பந்த முறையில் ஆளெடுப்பதையே நிறுத்தி, 57,000-க்கும் மேற்பட்டவர்களை நிரந்தரம் செய்தது. பிரிட்டனில் ஒவ்வொரு அமைச்சகமும், நிரந்தர ஊழியர் எத்தனை பேர், ஏஜென்சி ஆட்கள் எத்தனை பேர், ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு செலவு என்று மாதாமாதம் பொதுவில் வெளியிடுகிறது. அங்கே அரசு மருத்துவமனைகளில் ஏஜென்சி நர்சுகளுக்கான செலவு கட்டுக்கடங்காமல் போனபோது 2015-ல் மணிக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அவர்களுடைய பிரச்சினை நம்முடையதற்கு நேர் எதிர். அங்கே ஏஜென்சி ஆளுக்கு அதிகம் போனது, இங்கே ஆளுக்குக் குறைவாகப் போகிறது. ஆனால் எவ்வளவு போகிறது என்று தெரிந்ததால்தான் அவர்களால் அதில் கை வைக்க முடிந்தது.

பிரிட்டன் வரைக்கும் போவானேன், நம் ஊரையே பார்க்கலாம். 1936 ஜூலை 30. சவானா மில் வாசலில் பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ரத்தத்தின் விலையாகத்தான் எட்டு மணி நேர வேலை இந்த மண்ணுக்கு வந்தது. ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் நீங்கள் மாலை போடுகிறீர்கள். அடுத்த முறை மாலை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தின் வாசலில் காரை நிறுத்தி, நீல நிறச் சட்டை போட்ட காவலாளியிடம் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாய், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவாய் என்று கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் என்று சொன்ன காவலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். கூடுதல் நாலு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டால் சிரித்தார்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அறிக்கை கேட்டேன். அதோடு, ஏஜென்சி பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் போன மாதச் சம்பளம் ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கிலும் ஏறிய பட்டியலும் பிஎஃப், இஎஸ்ஐ செலானும் பெயர்வாரியாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கருவூலத்துக்கு ஒரு கட்டாய உத்தரவு வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த இணைப்பு இல்லாவிட்டால் பில்லே மேலே நகரக் கூடாது என்று வைத்துவிடலாம். பதிலுக்கு, எல்லாம் சரியாக இருக்கும் பில்லுக்கு இத்தனை நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று துறைகளுக்கும் கெடு வேண்டும். ஏஜென்சி மாறினாலும் ஆள் தொடர்ந்தால் அதே யுஏஎன் எண்ணில் தொடர வேண்டும் என்பதை டெண்டர் நிபந்தனையிலேயே எழுதலாம். ஐந்தாண்டுக்கு மேல் ஏஜென்சி ஆளை வைத்து நடக்கும் வேலையைப் பணியிடமாக உருவாக்கித் தேர்வு வைத்து நிரப்புங்கள். அந்தத் தேர்வில், அங்கேயே உழைத்தவர்களுக்கு வயதுத் தளர்வும் அனுபவத்துக்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். நூலகத்தில் படிக்கும் பிள்ளையும் எழுதட்டும், எங்கள் தெருப் பெண்ணும் எழுதட்டும்.

ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பிரித்து இதை எழுதவில்லை. நான் பாஸ் செய்த பில்கள் எல்லா ஆட்சியிலும் வந்தவை. பொதுக் கணக்குக் குழுவிலும் மதிப்பீட்டுக் குழுவிலும் இருக்கும் உறுப்பினர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் உதவியாளருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, கேள்வி நேரத்துக்கான வினாவை நானே எழுதி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் தங்கள் பெயரில் கொடுக்கலாம்:

"முடிந்த மூன்று நிதியாண்டுகளில், ஒவ்வொரு துறையும் அதன் கீழுள்ள நிறுவனங்களும் ஏஜென்சிகள் வழியாக அமர்த்திய ஆட்களின் எண்ணிக்கை என்ன, அவர்களுக்காக ஏஜென்சிகளுக்குக் கொடுத்த மொத்தத் தொகை என்ன, எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து, அதில் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ, சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி ஒவ்வொன்றும் எவ்வளவு, சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குப் பிறகு போடப்பட்ட மாதங்கள் எத்தனை, அந்த மாதங்களில் முதன்மை முதலாளி என்ற முறையில் துறை எடுத்த நடவடிக்கை என்ன என்பதை நிதித்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் தெரிவிப்பாரா?"

இப்படிக்கு,
கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.